தலைவர் உட்கார்ந்த இலை

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ அப்பளம் கடிக்கிற சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு வானொலி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம், சமையல்கட்டில், நாங்கள் மூன்று பேர். மக் லெச்சுமி, அவருடைய மகன் மணியம், நான். கூடத்தில் இறந்துபோனவர்களைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாத நேரம் அது. அவர்களுக்கு இலை போட்டு, சோறு வைத்து, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தோம்.

மறுபடியும் ஒரு கடி. பிறகு ஒரு இருமல்.

மக் லெச்சுமி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "அவருக்கு அப்பளம்னா உயிர்" என்று மலாயில் சொன்னார். முகத்தில் பயமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. பசாருக்குப் போன புருஷன் நேரத்தோடு திரும்பிவிட்டதாகத்தான் எடுத்துக்கொண்டார்.

என் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான். போன வாரம் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் என்று ஈப்போ வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டார். இந்த வாரமும் அப்பா வருகிறார். ஈப்போக்காரர் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடுவது நல்லது.

யானைத் தெருவுக்கு வந்த யானை

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், இன்னும் வரவில்லை, ஆனால் வருவது உறுதியாகிவிட்ட காலம். குடியுரிமை எடுப்பதா, கப்பல் ஏறுவதா என்று சடக்கோரத்தில் நின்று பேசினார்கள். இனி மலாய்தான் நாட்டு மொழியாம், நம் பாடு என்ன என்று காப்பிக் கடையில் பேசினார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலைவர் வரட்டும், அவர் சொல்வார் என்பார்.

தலைவர் என்றால் செங்கீரனார். தமிழ்நாட்டுக்காரர். 'சிந்தனை வேழம்' என்று பட்டம். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் ஏதோ மருந்துக் கடை என்று நினைக்கிறார்கள். அன்றைக்கு அவர் படம் மாட்டாத முடி திருத்தும் கடை கிடையாது.

சாதி பார்க்காதே. புரோகிதரைக் கூப்பிடாதே. பெண்ணைப் படிக்க வை. செத்தவனுக்குப் படைக்காதே, இருக்கிறவனுக்குப் போடு. தமிழை உயிராக நினை. அவருடைய கருத்துகளை இந்த அளவுக்குள் அடக்கிவிடலாம். அவர் அடக்கமாட்டார், பொழுது சாய்கிற வரைக்கும் பேசுவார்.

அப்பா ரோட்டு வேலை மண்டோர், ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி. எங்களுக்கு மலாக்காவில், புக்கிட் காதிலில் வீடு. காஜா பேராங்கில் ஒரு சைக்கிள் கடை மாடியில் அப்பாவும் கூட்டாளிகளும் படிப்பகம் நடத்தினார்கள். காஜா பேராங் என்றால் மலாயில் கோபங்கொண்ட யானை. பொங்கல் விழாவுக்குத் தலைவர் வருகிறார் என்றதும், யானைத் தெருவுக்கு யானை வருகிறது என்று அப்பா நோட்டீஸ் அடித்துவிட்டார்.

முனியம்மாவாக இருந்த நான் எழிலரசி ஆனதும் தலைவரால்தான். அவர் பேச்சு ஒன்று பத்திரிகையில் வந்தது, மறுநாள் காலையில் எனக்குப் பெயர் மாறியிருந்தது. அவரைப் பார்த்து அப்பா தோளில் கனத்த துண்டு போட்டுக்கொண்டார். மலாக்கா வெயிலில், கொதிக்கிற தார்ப் பக்கத்தில் அதோடு நின்று வேலை வாங்கினார்.

தலைவரின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. அவர் அதைச் சொல்லாத மேடை இல்லை. சிறு வயதில், ஊர்த் திருவிழாச் சாப்பாட்டில் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். இலையில் சோறு விழுந்துவிட்டது. முதல் கவளத்தைக் கையில் எடுத்தபோது, இந்தத் தெருப் பையன் இங்கே எப்படி உட்கார்ந்தான் என்று ஒருவர் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார். கையிலிருந்த சோற்றோடு வீட்டுக்கு நடந்தாராம். சிந்தனை வேழம் ஆனது அங்கேதான் தொடங்கியது. அப்பா இதைச் சொல்லும்போது குரல் கம்மிவிடும். மண்டோர் குரல் கம்மி நான் வேறு எதற்கும் கேட்டதில்லை.

என் அம்மா இறந்தபோதுகூடக் கேட்டதில்லை.

அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அப்பா விளக்கேற்ற விடவில்லை, படைக்க விடவில்லை, படத்தைச் சுவரில் மாட்டவும் விடவில்லை. கொள்கை என்றார். ஒரு பிடி சோறு வைத்தால் உங்கள் கொள்கைக்கு வயிறா வலிக்கும் என்று கேட்டேன். எழுந்து வேலைக்குப் போனார். அந்தக் கோபம் எனக்கு வருஷக்கணக்காக ஆறவில்லை. அம்மா இருந்தபோதும் இவர் சும்மா இருந்ததில்லை. அம்மா மெதுவாகத்தான் சாப்பிடுவார். அதற்குத் தினமும் ஒரு ஏச்சு. வேலைக்குப் போகிற லோரி போய்விடும், சீக்கிரம் இலையை மூடு என்று.

இரண்டு மறுப்புகள்

மணியம் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. மலாக்கா செட்டி. வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் மலாக்காவுக்கு வந்து எத்தனை தலைமுறை என்று இவர்களுக்கே தெரியாது. பெயர் தமிழ், கோயில் தமிழ், பொங்கலும் உண்டு. பேச்சு மட்டும் மலாய். பெண்கள் கட்டுவது சாரோங்.

தமிழ் படிக்க வேண்டும் என்று மணியம் படிப்பகத்துக்கு வந்தார். அப்பா பூரித்துப்போய்த் தானே சொல்லிக்கொடுத்தார். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் வேலையில் சேர்ந்திருந்தேன். எழுத்துத் திருத்த என்னை உட்கார வைத்தார். உயிரெழுத்து முடிவதற்குள் எங்களுக்கு ஒருவரை ஒருவர் பிடித்துவிட்டது. மெய்யெழுத்து கொஞ்சம் தாமதமானது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. சாதி பார்ப்பவன் நான் இல்லை, உனக்குத் தெரியும் என்றார். "ஆனா அவனுக்கு மொழி இல்லையேம்மா. உன் பிள்ளை உன்னை எப்படிக் கூப்பிடும்?" என்றார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு தமிழாசிரியரைப் பார்த்து வைத்திருந்தார். தனித்தமிழில்தான் தும்முவார் என்று கேள்வி. பொங்கல் மேடையில் தலைவர் வாயாலேயே அந்தக் கல்யாணத்தை அறிவிக்கச் சொல்வதாக அப்பா முடிவு செய்துவிட்டார். தலைவர் அறிவித்த பிறகு மறுப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

மணியத்தின் தாயார் மக் லெச்சுமி. மலாய்க்காரர்களைப் போல அவர்களும் தாயை மக் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தன் தெருப் பெண் வேண்டும். ஆனால் முடியாது என்று அவர் சொல்லவில்லை. "அவன் அப்பாவைக் கேக்குறேன். பார்ச்சு அன்னிக்கு இலை போட்டு வெப்பேன். அவர் சாப்பிட்டா எனக்குச் சம்மதம்" என்றார்.

மணியத்தின் அப்பா இறந்து ரொம்ப நாளாகியிருந்தது. இத்தனை நாகரிகமாக யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

பார்ச்சு

பார்ச்சு என்பது செட்டிகள் முன்னோர்களுக்குப் படைப்பது. பொங்கலுக்கு முதல்நாள், போகி அன்று நடக்கும். அந்த வீட்டில் எப்படி என்றால், கூடத்தில் இறந்தவர்களின் படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு இலை போடுவார்கள். அவரவருக்கு எது பிடிக்குமோ அது. தெருக்கதவைத் திறந்து வைப்பார்கள், வருகிறவர்கள் வரவேண்டுமே. உள்கதவைச் சாத்திவிட்டு வீட்டார் சமையல்கட்டில் காத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டு முடித்தீர்களா என்று கேட்பதுபோலக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

மக் லெச்சுமி என்னை வரச் சொல்லியிருந்தார். தேங்காய் துருவ ஆள் வேண்டும் என்றார். வைத்த சோறு வைத்தபடியே இருப்பதை நானே கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

தேங்காய்ப்பால் சோறு, கோழி, மீன் சம்பல், அப்பளம். மணியத்தின் அப்பாவுக்கு மட்டும் ஒரு தம்ளரில் கறுப்பு பீர். அந்த அம்மாள் ஒவ்வொரு இலைக்கும் முன்னால் குனிந்து, இது உனக்கு, அது உனக்கு என்று பேசிக்கொண்டே பரிமாறினார். யார் யாரோ கிழவர்களுக்கெல்லாம் இலை இருக்கிறது, என் அம்மாவுக்கு இல்லை. பொறாமையாக இருந்தது. செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சாவி

அதே நேரத்தில் வெளியே நடந்ததைப் பிற்பாடு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் வரவேண்டிய தலைவர் மத்தியானமே வந்துவிட்டார். படிப்பகம் பூட்டியிருந்தது. சாவி உஜோங் பாசிரில் இருந்த பொருளாளரிடம். அவரோ விருந்துக்கு மீன் வாங்கப் போயிருந்தார். தலைவரைச் சைக்கிள் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அப்பாவும் தலைவரின் செயலாளரும் தலைவர் வந்த காடியை எடுத்துக்கொண்டு சாவி தேடிப் போனார்கள்.

செயலாளர் இல்லாமல் தலைவர் தனியாக இருந்தது அந்தப் பயணத்திலேயே அதுதான் முதல் தடவையாம். தலைவருக்கு வயிற்றுப்புண். பினாங்கிலிருந்து மலாக்கா வரைக்கும் ஊருக்கு ஊர் அவருக்கு இலை போட்டுக் காத்திருந்தார்கள். ஊருக்கு ஊர் செயலாளர் குறுக்கே நின்று கஞ்சி கொடுத்தார்.

எதிர்ச் சந்துக்குள்ளிருந்து மீன் சம்பல் வாசம் வந்தது. தலைவர் எழுந்து நடந்தார்.

கதவு திறந்திருந்த ஒரு வீடு. வாசலில் நின்று குரல் கொடுத்தார். வானொலிச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். மாலை போட்ட படங்கள், ஊதுவத்தி, இலை நிறையச் சாப்பாடு. அவர் போன ஊரிலெல்லாம் வரவேற்பு இப்படித்தான் இருந்தது. தமக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்ததில் தப்பே இல்லை. நடு இலையில் உட்கார்ந்தார்.

இலையிலிருந்து எழுப்புவது

மக் லெச்சுமி வழக்கப்படி கதவைத் தட்டினார்.

"வாங்கம்மா" என்று உள்ளேயிருந்து தமிழில் குரல் வந்தது.

மக் லெச்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் புருஷனுக்கு உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. "செத்தப்புறம் படிச்சிட்டாரோ?" என்று என்னிடம் கேட்டார். வாத்தியார் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்போல.

கதவைத் திறந்தோம். நரைத்த மீசையும் தோள் துண்டுமாக ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோழி எலும்பைச் சுவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சுவரில் தினமும் பார்த்த முகம்.

தலைவர் எங்களைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு தமக்கு இடமும் வலமும் யாரும் உட்காராத இலைகளையும், ஒவ்வொரு இலைக்கும் நேராக இருந்த படத்தையும் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"இது யாருடைய இலையம்மா?" என்று கேட்டார்.

அந்தக் குரலை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. பந்தியில் உட்கார்ந்த பையனின் குரல் அது. கையில் சோற்றோடு எழுந்திருக்கப் போனார்.

"டுடோக்" என்றார் மக் லெச்சுமி. உட்காருங்கள் என்று அர்த்தம். அருகில் போய், அவர் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தார். "சாப்பிடறவங்க இலையிலேருந்து பாதியில எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லு" என்று என்னிடம் மலாயில் சொன்னார். சொன்னேன். அப்பளத்தை எடுத்து வந்து இன்னும் ரெண்டு வைத்தார். மணியம், என் அப்பாவிடம் படித்த தமிழில் தெரிந்த ஒரே மரியாதைச் சொல்லைத் தேடிப் பிடித்து, "பசியாறுங்க" என்றார்.

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பல் காரம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

அப்போதுதான் அப்பாவும் செயலாளரும் வாசலில் வந்து நின்றார்கள். சைக்கிள் கடைக்காரர் கைகாட்டியிருக்கிறார். அப்பா கையில் சாவி. தலைவரைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். இது பார்ச்சு என்று காஜா பேராங்கில் படிப்பகம் நடத்துபவருக்குத் தெரியாமல் இருக்குமா? முகம் வெளுத்துவிட்டது. செயலாளர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் மதுவிலக்குப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். தம்ளர் பாதிதான் இருந்தது. வெயிலில் வற்றியிருக்கலாம்.

இலை யாருடையது என்று தலைவர் மறுபடியும் என்னைக் கேட்டார். இந்த அம்மாவின் காலமான வீட்டுக்காரருக்கு வைத்தது என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் யோசித்தார். "அப்ப அவர் பசியோட இருப்பாரே. அவருக்கு வேற இலை போடுங்கம்மா" என்றார்.

மக் லெச்சுமிக்கு இதையும் மலாயில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, வேறு இலை தேவையில்லை, தன் புருஷன் சாப்பிட்டாகிவிட்டது என்றார். பிறகு இடுப்புச் சாரோங்கைச் சரிசெய்துகொண்டு, தான் வாக்குக் கொடுத்ததையும், இலை காலியானதையும், தனக்குச் சம்மதம் என்பதையும் அவையறியச் சொன்னார். மொழிபெயர்க்க என்னைத் தவிர ஆள் இல்லை. என் கல்யாணப் பேச்சை நானே முதலிலிருந்து கடைசி வரை தமிழில் சொல்லி முடித்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்பா கடைசியாகத் தலைவரிடம் முறையிட்டார். "ஐயா, அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாதுங்க."

தலைவர் இலையை மூடினார். தம் பக்கமாக, முறைப்படி மூடினார்.

"இந்த அம்மாவுக்கும் தெரியாது. என்னை உக்கார வெச்சாங்க. அன்னிக்கு எழுப்பினவனுக்கு நல்லாத் தமிழ் தெரியும்" என்றார்.

அப்பா கையிலிருந்த சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேடையில்

பொங்கல் மேடையில் தலைவர் எங்கள் கல்யாணத்தை அறிவித்தார். பத்து பெரெண்டாம் தமிழாசிரியர் முன்வரிசையில் இருந்தார். கைதட்டியவர்களில் அவரும் ஒருவர். நல்ல மனுஷன்.

அதன் பிறகு தலைவர் வழக்கமான பேச்சைப் பேசினார். செத்தவன் சாப்பிடுவானா என்ற பகுதியும் வந்தது. ஒரு சொல்லைக்கூட விடவில்லை. கொள்கைக்காரர் அப்படித்தான் இருக்க வேண்டும். மக் லெச்சுமி என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். செத்தவர்கள் சாப்பிடமாட்டார்களாம் என்றேன்.

"நேத்து நல்லாத்தானே சாப்பிட்டாரு" என்றார் அவர்.

பழைய பத்திரிகை

மெர்டேக்கா வந்தது. அப்பா கப்பல் ஏறவில்லை, குடியுரிமை எடுத்துக்கொண்டார். என் பிள்ளைகள் என்னை அம்மா என்றும், மக் லெச்சுமியை மக் என்றும் கூப்பிட்டார்கள். அப்பா பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. சில வருஷங்கள் போயின. தலைவர் காலமான செய்தி பத்திரிகையில் வந்தது. அப்பா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

அந்த வருஷப் போகி அன்று மக் லெச்சுமியும் நானும் இலை அறுத்துக்கொண்டிருந்தோம். அப்பா வந்தார். பார்ச்சு நாளில் அவர் அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. பத்திரிகைத் தாளில் சுற்றிய படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். படிப்பகத்தில் மாட்டியிருந்த தலைவர் படம்.

"இந்த வீட்டுச் சாப்பாடு அவருக்குப் பிடிச்சுது. சும்மா ஓரமா வையி. நான் கும்பிடமாட்டேன்" என்றார்.

தாளைப் பிரித்தேன். தலைவர் படத்துக்குப் பின்னால் இன்னொரு படம் ஒட்டிக்கொண்டு வந்தது. சின்னப் படம். ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்காக எடுத்தது. அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு வருஷமும் அதை எங்கே வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் கூடவே வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அம்மா படத்தை வரிசையில் வைத்தேன். மக் லெச்சுமி இன்னொரு இலையைக் கழுவி விரித்தார்.

"உங்கம்மாவுக்குக் காரம் ஆகாது" என்றார் அப்பா.

சம்பலை எடுத்துவிட்டு வெறும் கோழி வைத்தேன். உள்கதவைச் சாத்தினோம். அப்பா எங்களோடு சமையல்கட்டுக்கு வரவில்லை. கிணற்றடியில் போய் நின்று, படம் சுற்றி வந்த பழைய பத்திரிகையை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று மணியம் இன்றைக்கும் சொல்கிறார். நான் கவனிக்கவில்லை.

நேரம் ஆயிற்று என்று மக் லெச்சுமி கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று கிணற்றடியிலிருந்து அப்பா சொன்னார். தாளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மக் லெச்சுமிக்குப் புரியட்டும் என்று மலாயில்தான் சொன்னார். "அவ மெதுவாத்தான் சாப்பிடுவா."

காத்திருந்தோம்.